வர்ணம் தீட்டும் கரங்கள்



ஓசூரிலிருந்து பெங்களூருக்குள் வரும் சாலையில் டெய்ரி சர்க்கிளைக் கடந்ததும் கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. 1973-ல் தொடங்கப்பட்ட இவ்வளாகத்தில் கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் காதில் விழும். நோயாளியோடு கோப்பையும் சாப்பாட்டுப் பையையும் சுமந்துகொண்டு குடும்பத்தாரும் காத்திருக்கிறார்கள். கதிர்வீச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும், காத்திருப்போ முடிகிறதில்லை.

இப்படிக் காத்திருப்போருக்கு ஓவியம் கற்றுக்கொடுப்பது வீண்வேலையா? இங்கிலாந்தில் காசநோய் விடுதியில் படுத்திருந்த ஓவியர் ஏட்ரியன் ஹில், தாம் வரைந்து ஆறுதலடைந்தார்; பின்பு உடனிருந்த நோயாளிகளுக்கும் கற்பித்தார். ‘கலைச் சிகிச்சை’ என்ற பெயரை 1942-ல் வழங்கியவர் அவரே. பிரான்சு நாட்டு ஓவியர் மத்தீஸ், 1941-ல் வயிற்றுப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை பெற்றபின் நெடுநேரம் நின்று வரைய இயலாதவரானார். வர்ணம் பூசிய காகிதங்களைக் கத்தரிக்கோலால் வெட்டிப் படங்களாக்கினார். 1954-ல் மரிக்கும்வரை அவர் கரங்கள் ஓயவில்லை.

ஓவியம் கட்டியைக் கரைப்பதில்லை. மருந்துக்கு அது மாற்றுமல்ல. ஆனால் நாள்முழுதும் பிறர் சொன்னபடி கையை நீட்டுகிறவர், இங்கே எந்த நிறம் வேண்டுமென்று தாமே தீர்மானிக்கிறார். அருகில் அமர்ந்து வரையும் மனைவியோ மகனோ, சற்றுநேரம் பராமரிப்பாளர் என்ற பாரத்தை இறக்கிவைக்கிறார்கள்.

வியாதியஸ்தரைச் சந்திப்பது நமக்குப் புதிதல்ல. வர்ணங்களோடு செல்ல விரும்பினால் முதலில் மருத்துவமனையின் அனுமதியைப் பெறுங்கள். கீமோ மருந்து நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போகவேண்டாம். டர்பன்டைன் போன்ற நெடியுள்ளவை குமட்டலைக் கூட்டும், நீர்வர்ணமே நலம். சில மருந்துகளால் விரல்கள் மரத்துப்போகும்; ஆகையால் தடித்த தூரிகை கொடுங்கள். படத்தைக் குறைகூறாதிருங்கள், அதற்கு அர்த்தமும் கேளாதிருங்கள்.

மாரத்தஹள்ளி அருகே கருணாஸ்ரயா என்னும் இல்லம் உள்ளது. நோயைக் குணமாக்கும் சிகிச்சைக்கு இனி வழியில்லாத புற்றுநோயாளிகளை 1999 முதல் கட்டணமின்றிப் பராமரிக்கிறது. கட்டடங்களின் நடுவே அமைதியான நீர்ப்பரப்பு ஒன்றுண்டு. அத்தகைய இடத்தில் படத்தை முடிக்கும்படி எவரையும் அவசரப்படுத்தக் கூடாது. பாதியில் நின்ற தாளையும் பத்திரமாகக் குடும்பத்தார் கையில் கொடுங்கள். பின்னாளில் அவர்கள் எடுத்துப் பார்க்க, மருத்துவக் கோப்பைத் தவிர இதுவும் இருக்கட்டும்.