உம்மம்மாவின் பவுண் காசு

எங்கள் உம்மம்மாவின் காதில் நான் ஒருநாளும் தோட்டைக் கண்டதில்லை. பெருநாளென்றாலும் கலியாண வீடென்றாலும் வெறுங்காதோடுதான் வருவார். நகையில் அவருக்கு விருப்பமில்லை என்றே நினைத்திருந்தோம். சென்ற வருடம் அவருடைய தகரப் பெட்டியிலிருந்து 8 கிராம் பவுண் காசு ஒன்று வெளியே வந்தபோதுதான் எனக்குக் கதை தெரிந்தது.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டு வெளியேறும்படி ஆயுதம் தாங்கியோர் கட்டளையிட்ட நாள். ஏழு வயதான என் உம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு சோனகதெருவிலிருந்து நடந்தார் உம்மம்மா. வழியில் சோதனை. காப்பு போனது, மாலை போனது, கடைசியாகத் தோடும் போனது. "கை நடுங்கி சுரையைக் கழட்ட ஏலாமப் போச்சு மகள்" என்றார். காணி உறுதியும் நகை வாங்கிய பில்களும் அலுமாரியிலேயே கிடந்துவிட்டன.

புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வாழ்க்கை தொடங்கியது. வெங்காயத் தோட்டங்களில் கூலிவேலை செய்து, சீட்டுக் கட்டி, 2001 இல் அந்தக் காசை வாங்கினார்.

"ஏன் உம்மம்மா, ஒரு சோடித் தோடு வாங்கியிருக்கலாமே?"

"தோடு எல்லாற்ற கண்ணிலயும் படும். காசை எங்கயும் ஒளிக்கலாம். திரும்பவும் ஓடச் சொன்னா கையில ஒண்டு வேணுமே."

2011 இல் ஊருக்குத் திரும்பினோம். வீடிருந்த இடத்தில் சுவர்களும் அவற்றைப் பிளந்து வளர்ந்த மரங்களும்தான் நின்றன. வாப்பாவின் உழைப்பில் இரண்டு அறைகள் எழும்பின. மூன்றாவது அறை கூரையின்றிப் பல வருடம் கிடந்தது. நான் உயர்தரம் படிக்கத் தொடங்கியதும், "அந்த அறையை இவளுக்கு முடிச்சுக் குடுங்க" என்று காசை வாப்பாவிடம் நீட்டினார் உம்மம்மா. வாப்பா வாங்க மறுத்தார். "அப்ப நானே போய் விற்கிறன்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கஸ்தூரியார் வீதிக்குப் புறப்பட்டார்.

மூன்று கடைகளில் விலை கேட்டோம். மூன்றும் மூன்று விதம். கடைசிக் கடைக்காரர் காசை உரைகல்லில் உரசிப் பார்த்து, தராசில் வைத்தார்.

"பில் இருக்கோ அம்மா?"

பொலித்தீன் பையொன்றை உம்மம்மா பிரித்தார். நாலாய் மடித்த பில், அடையாள அட்டை, புதிதாக எடுத்த உறுதிப் பிரதி எல்லாம் உள்ளே இருந்தன. கடைக்காரர் வியந்துபோனார். ஒருமுறை எல்லாக் கடதாசிகளையும் விட்டுவிட்டு வந்தவர் அவர் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நகையென்றால் கல்லின் நிறையையும் பற்றாசையும் கழிப்பார்களாம். வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராதாம். காசில் அந்த நட்டம் குறைவு என்றார் கடைக்காரர். பில்லிலிருந்த விலை நான்கு இலக்கம். இப்போது அவர் சொன்னதோ ஆறு இலக்கம். நான் வாயைப் பிளந்தேன். "பவுண் அதே 8 கிராம்தான் தங்கச்சி. ரூபாதான் மெலிஞ்சு போச்சு" என்று சிரித்தார். 2022 இல் டொலரின் விலை ஏறியபோது வீட்டில் பட்டபாடு நினைவுக்கு வந்தது.

"பேத்திக்கு ஒரு தோடு மாத்தி எடுங்கோவன்."

"இல்ல தம்பி. பவுணுக்குப் பவுண் மாத்துறதெண்டா எங்கட மார்க்கத்தில நிறை சரிசமனா இருக்கோணும், கைக்குக் கை முடியோணும். கூலி சேர்த்து மாத்த ஏலாது. நீங்க காசைத் தாங்க."

பணத்தை எண்ணி வைத்தார்கள். உம்மம்மா அதைத் தொடவில்லை. "ஒருக்கா தாங்க தம்பி" என்று பவுண் காசைத் திரும்ப வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பொத்தினார். விற்கமாட்டார் என்றே நினைத்தேன். பிறகு மெதுவாக மேசையில் வைத்தார்.

ஸகாத் கடமையாவதற்குத் தங்கம் ஏறத்தாழ 85 கிராம் இருக்கவேண்டும். அவரிடமிருந்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என்றாலும் வரும் வழியில் கொஞ்சத்தை ஸதகாவாகக் கொடுத்தார்.

"இனி ஓடச் சொன்னா என்ன செய்வீங்க உம்மம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று உடனே மனம் குறுகியது.

கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தவர், "அல்லாஹ் காப்பாத்தோணும். ஓடுறதுக்கு வைச்சிருந்ததை இருக்கிறதுக்குச் செலவழிச்சிட்டன் மகள்" என்றார்.

ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறிவிட்டது. முதல் மழை பெய்த இரவு நான் படித்துக்கொண்டிருந்தேன். உம்மம்மா கதவடியில் வந்து நின்று மேலே பார்த்தார்.

"ஒழுகுதா மகள்?"

"இல்ல உம்மம்மா."

"அப்ப படி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.