இரட்டை நகரங்களில் பத்து நாட்கள்



நமது இராமநாதபுரம் சீமையைத் "தண்ணியில்லாக் காடு" என்று பிறர் கேலி பேசுவதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அமெரிக்காவிலும் அப்படி ஒரு சீமை உண்டு. டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கே, ஏறத்தாழ 32 கி.மீ. இடைவெளியில் அமைந்த மிட்லண்ட், ஒடெசா என்னும் இரட்டை நகரங்களே அவை. அங்கே எண்ணெய்த் தொழிலில் பொறியாளராக இருக்கும் எங்கள் பெரியப்பாவின் வீட்டுக்குக் கோடை விடுமுறையில் அப்பா, அம்மா, அப்பத்தா, தங்கையுடன் சென்று வந்தோம். "அங்கே பார்க்க என்ன இருக்கிறது? பேசாமல் நயாகராவுக்குப் போங்கள்!" என்று பலர் புத்தி சொன்னார்கள்.

காரில் போகும்போது அவர்கள் சொன்னது சரிதானோ என்று தோன்றியது. எங்கும் ஒரே வெட்டவெளி, முட்புதர், அனல் காற்று. ஆனால் வழிநெடுக ஆயிரக்கணக்கான இரும்பு இயந்திரங்கள் தலையைத் தாழ்த்தி நிமிர்த்திக்கொண்டிருந்தன. அப்பத்தா பார்த்ததும், "ஏத்தா, இங்கேயும் ஏற்றம் இறைக்கிறாங்களா?" என்றார். ஆம், ஏற்றமேதான். இறைப்பது தண்ணீரை அல்ல, எண்ணெயை!

மறுநாள் மிட்லண்டில் உள்ள பெட்ரோலிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1975-இல் திறக்கப்பட்டது. இந்தப் பாலைநிலம் 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலாக இருந்ததாம்! அந்தக் கடலடியையே மாதிரியாக அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். அக்காலத்து நுண்ணுயிர்கள் மடிந்து, சேற்றில் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் எண்ணெயாக மாறின. 2023-இல் அமெரிக்கா எடுத்த கச்சா எண்ணெயில் 40 விழுக்காட்டுக்கும் மேல் இந்த வட்டாரத்தில் கிடைத்ததுதான் என்று பெரியப்பா கூறினார்.

ஒடெசாவில் 8 அடி உயர முயல் சிலையருகே தங்கை படம் எடுத்துக்கொண்டாள். பிறகு நகருக்கு மேற்கே, விண்கல் விழுந்த பள்ளத்தைக் காணச் சென்றோம். சுமார் 63,000 ஆண்டுகளுக்கு முன் இரும்பு விண்கல் மோதி உண்டான பள்ளம். அகலம் 550 அடி. முதலில் 100 அடி ஆழம் இருந்ததாம். காற்று வாரிக் கொட்டிய மண்ணால் தூர்ந்து, இப்போது சுமார் 15 அடிதான். "இதென்னத்தா, கோடையில வத்திக் கெடக்கிற நம்மூரு கம்மா மாதிரியில்ல இருக்கு!" என்று அப்பத்தா சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டோம்.

ஒடெசாவிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் மோனஹன்ஸ் மணற்குன்றுகள் இருக்கின்றன. சில குன்றுகள் 70 அடி உயரம். வட்டத் தட்டுகளை வாடகைக்கு வாங்கி, அதில் அமர்ந்து சறுக்கி விளையாடினோம். அங்கே எங்கள் இடுப்பளவே இருந்த செடிகளைப் புதர் என்று நினைத்தோம். அவை ஓக் மரங்களாம்! நாலடிக்குமேல் வளர்வது அரிது. வேரோ 70 முதல் 90 அடி வரை நீளக்கூடியது. என்னே இறைவனின் படைப்பு!

நம் பள்ளி அன்னையர் கேட்டு மகிழக்கூடிய ஒரு வரலாறும் உண்டு. மிட்லண்டுக்குத் தென்கிழக்கே 100 கி.மீ.க்கும் அப்பால் பிக் லேக் என்னும் ஊருக்கருகே, பயனற்ற மேய்ச்சல் நிலம் என்று கருதப்பட்ட பல்கலைக்கழக நிலத்தில், 1921-இல் எண்ணெய் தேடித் துளையிடத் தொடங்கினார்கள். அதற்குப் பணம் போட்ட நியூயார்க் கத்தோலிக்கப் பெண்கள் சிலர், முடியாத காரியங்களுக்குப் பரிந்து பேசும் புனித ரீத்தாவின் பெயரால் மந்திரிக்கப்பட்ட ரோஜா இதழ்களைக் கொடுத்தனுப்பினார்கள். கோபுரத்தின் உச்சியில் ஏறி அவற்றைத் தூவி, கிணற்றுக்குச் சாந்தா ரீத்தா என்றே பெயரிட்டார்கள். 1923 மே 28-ஆம் நாள் எண்ணெய் பீறிட்டது. 1990 வரை அந்தக் கிணறு பயன் தந்தது. அந்நிலத்து எண்ணெய் வருமானம் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் செல்வம் மிக்கதாக்கியது.

ஆயினும் எங்கள் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தது வேறொரு கிணற்றின் கதை. 1987 அக்டோபரில் மிட்லண்டில் 18 மாதக் குழந்தை ஒன்று, கைவிடப்பட்ட குறுகிய கிணற்றில் 22 அடி ஆழத்தில் சிக்கிக்கொண்டது. துளையிடும் தொழில் தெரிந்தவர்கள் திரண்டு வந்தார்கள். பக்கத்தில் வேறொரு குழி தோண்டி, கடும்பாறையைக் குடைந்து, 58 மணி நேரத்துக்குப் பின் குழந்தையை உயிரோடு மீட்டார்கள்.

பெரியப்பா இதைச் சொல்லி முடித்தபோது காரில் யாரும் பேசவில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தைக்காக, தீபாவளி விடுமுறையில் தொலைக்காட்சி முன் அமர்ந்து ஜெபமாலை சொன்னது எங்களுக்கு நினைவு வந்தது. அங்கும் பக்கத்தில் குழி தோண்டினார்கள். பாறை இடம் கொடுக்கவில்லை. குழந்தையோ மேலும் கீழே நழுவியது. நான்கு நாட்களுக்குப் பின் உயிரற்ற உடல்தான் வந்தது. "அந்தப் பிள்ளை பிழைச்சுது, நம்ம பிள்ளை பிழைக்கலையே" என்று அப்பத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர்கள் எண்ணெய்க்குத் துளையிடுகிறார்கள். நாம் தண்ணீருக்குத் துளையிடுகிறோம். வறண்ட நிலத்தின் செல்வம் ஆழத்தில்தான் இருக்கிறது. எனவே நம் மண்ணையும் ஒன்றுமில்லாத காடு என்று யார் சொன்னாலும் தலைகுனிய வேண்டாம். ஆனால் தோண்டியவர் கிணற்றின் வாயை மூடவும் வேண்டும். தோழியரே, உங்கள் தோட்டத்திலோ தெருவிலோ தண்ணீர் வராமல் கைவிடப்பட்ட ஆழ்துளைக் குழாய் திறந்து கிடந்தால், இன்றே பெற்றோரிடம் சொல்லுங்கள். அது மூடப்படும்வரை சொல்லிக்கொண்டே இருங்கள்.