தாமே உரைத்தால் குற்றமில்லை

நம் சங்கச் சிறுவர் ஆடிய சாப்ட்பால் போட்டியில் ஆட்டக் கணக்கெழுதும் பணி எமக்கு வாய்த்தது. களைத்த ஒருவனுக்கு மாற்றாக எம் மகன் மட்டையேந்தினான். நடுவரிடம் எவரும் அதனை அறிவிக்கவில்லை. அவன் அடியால் ஓர் ஓட்டமும் கிடைத்தது.

அடுத்த பந்து வீசப்படுமுன் எதிரணி முறையிட்டால் அவன் ‘அவுட்’, அவ்வோட்டமும் செல்லாது. எதிரணியோ கவனிக்கவில்லை. அவர்கள் அறியாதிருக்கட்டும் என்றே எம் மனம் வேண்டிற்று. ரயில்வேயில் பொறுப்பு மாறுந்தோறும் பதிவேட்டில் கையொப்பமிடும் மனந்தான்!

அதற்குள் மகனே நடுவரை அழைத்து உண்மையை உரைத்தான். தண்டனை வருமென்றே அவன் எண்ணியிருந்தான். எதிரணி முறையிடுமுன் தாமே அறிவித்தால் குற்றமில்லை என்பது விதி. ஓட்டம் நிலைத்தது. அதனைக் குறித்த எம் கைதான் சற்றே நடுங்கியது.