காலையில் என்ன சாப்பிட்டாய்?

மனசு சரியில்லை, எதற்கெடுத்தாலும் பதறுகிறது என்று உங்களில் யார் வந்தாலும், நான் முதலில் கேட்பது, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்றுதான். கிழவி பேச்சை மாற்றுகிறாள் என்று நினைக்காதீர்கள்.

என் அண்ணன் பேரன் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கி அரசுத் தேர்வுக்குப் படித்தான். காலையில் டீயும் பட்டர் பன்னும். பிறகு மதியம் வரை பச்சைத் தண்ணீர்தான். ராத்திரி கண்விழிக்க மறுபடி டீ. ஒருநாள் முற்பகலில் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டவே, மாரடைப்பு என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினான். இசிஜியில் ஒன்றுமில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால், அதை ஏற்ற உடம்பு அட்ரினலினைச் சுரக்கும். பயந்தாலும் சுரப்பது அதேதான். உடம்பு பசியில் நடுங்க, மனசு காரணம் தேடிப்போய்த் தேர்வைப் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு டீ, காபியில் உள்ள காஃபீன், குடித்து ஐந்து மணி நேரமானாலும் ஏறத்தாழப் பாதி உடம்பில் நிற்கும். நள்ளிரவில் டீ குடித்துவிட்டு, தூக்கம் வரவில்லையே என்று கவலைப்பட்டு என்ன பயன்? வேளைக்கு இட்லியும் சுண்டலும் உள்ளே போன பிறகு படபடப்பு வெகுவாக அடங்கியது. தேர்வு பயம் இருந்தது. அது இருக்கத்தான் வேண்டும்.

என் நாத்தனார் மகள் கதை வேறு. மாடிப்படி ஏறினால் படபடப்பு, கூட்டத்தில் கிறுகிறுப்பு. பயந்த சுபாவம் என்று புகுந்த வீட்டில் முத்திரை குத்திவிட்டார்கள். அவளும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 7. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே சோகை. மாதாமாதம் அளவுக்கு மீறிப் போன உதிரப்போக்கை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதையும் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தாள்! காபி அந்தச் சத்தை உடம்பில் ஒட்டவிடாது என்று டாக்டரம்மா கடிந்துகொண்டு, எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொன்னார். சில மாதங்களில் முகம் தெளிந்தது. சுபாவம் என்று அவர்கள் சொன்னதில் பாதி சோகை.

பொறுமை பெரிய குணம், மறுக்கவில்லை. ஆனால் கஷ்டத்தைப் பொறுப்பது வேறு, நோயைப் பொறுப்பது வேறு. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

சோறு எல்லாப் பயத்தையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, தினமும் அரைமணி நடந்தும் பதற்றம் விடவில்லையென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் டெலி மானஸ் தொலைபேசி உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.