கோச்சி பார்க்கப் போன கிழமை

ஜூலை 3, வியாழன்

மனைவிக்கு ஊசியால் குத்தி எடுத்ததைக் கொழும்புக்கு அனுப்பியாயிற்று. ரிப்போட் வரப் பத்துப் பதினைந்து நாள் செல்லுமாம்.

ஜூலை 4, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போனேன். குத்பாவில் ஒரு சொல் காதில் ஏறவில்லை.

ஜூலை 6

"ரிப்போட் வரும் மட்டும் ஒங்கட மொகத்தையே பாத்துக்கிட்டுக் குந்தியிருக்க ஏலா. திருகோணமலைக்குக் கோச்சியில போவம்" என்றாள். மருதமுனைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஐம்பது தாண்டியும் கோச்சி ஏறியதில்லை. எங்கே ஏறுவது? 1920களின் பிற்பகுதியில் மட்டக்களப்புக்கு வந்த தண்டவாளம் அங்கேயே நின்றுவிட்டது. பொத்துவில் வரைக்கும் நீட்டுவார்கள் என்ற பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

வாகரை வழியாகப் பஸ்ஸில் போனால் நேர்வழி. கோச்சியில் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. சொன்னேன். "அதுக்கென்ன, நமக்கு வேலையா கிடக்கு?" என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

சுபஹ் தொழுதுவிட்டு முதல் பஸ். மட்டக்களப்பில் கோச்சி. ஏறாவூர், வாழைச்சேனை, புனானை. மன்னம்பிட்டியில் மகாவலிக்கு மேலே இரும்புப் பாலம் வந்ததும் எழும்பி நின்றுவிட்டேன். 2007-ல் பக்கத்தில் வீதிப்பாலம் வரும்வரை பஸ்ஸும் லொறியும் கோச்சியும் இந்த ஒன்றில்தான். வாப்பா கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார். தண்டவாளத்தின் மேலேயே பஸ் ஊரும்.

"எதிர்க்கக் கோச்சி வந்தா?"

"பஸ் இந்தப் பக்கம் நிக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"அது வந்து போகும் மட்டும்."

கல் ஓயா சந்தியில் நெடுநேரக் காத்திருப்பு. நம்ம அம்பாறைக் கல்லோயா இல்லை இது. மட்டக்களப்புப் பாதையும் திருகோணமலைப் பாதையும் பிரிகிற காட்டுச் சந்தி. இந்தப் பக்கத்தில்தான் 2025 பெப்ரவரி 20-ம் திகதி 'மீனகயா' கோச்சி யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. "குட்டியும் இருந்துச்சா?" என்றாள். பேச்சை மாற்றினேன்.

மாற்றக் கிடைத்தது அந்த வளையம். ஸ்டேசன் ஆள் ஒருவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். வளையத்தின் அடியில் ஒரு தோல் பை, பைக்குள் வட்டத் தட்டு. ஒற்றைத் தண்டவாளம், அந்தத் தட்டு ட்ரைவர் கையில் வராமல் கோச்சி நகராது. அடுத்த ஸ்டேசன் மெசினில் அதைப் போட்ட பிறகுதான் இன்னொரு தட்டு வெளியே வரும். 1874-ல் இங்கிலாந்தில், தோர்ப் என்ற இடத்தில், இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு டயர் என்பவர் யோசித்துச் செய்த ஏற்பாடு இது. நான் இதை வாத்தியார் மாதிரி விளக்கிக்கொண்டிருக்க, அவள் பையைக் கையில் வாங்கிப் புரட்டி, "தையல் விட்டுப்போச்சு" என்றாள். அந்த மனிசன் அரைகுறைத் தமிழில், "பழசு அம்மா, பழசு" என்று சிரித்தார்.

கந்தளாய் தாண்டும்போது நித்திரையாகிவிட்டாள். நான் ஆகவில்லை.

ஜூலை 9

திருகோணமலை ஸ்டேசனில் தண்டவாளம் முடிகிற இடத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். சிரிக்கவில்லை என்று இன்னொன்று எடுக்க வைத்தாள்.

பிறகு சீனக்குடா. மாவு ஆலைக்கு அங்கிருந்து தனிப்பாதை. பற்றைக்குள் எண்ணெய்த் தாங்கிகள்: வெள்ளைக்காரன் கட்டியவற்றில் மிச்சம் 99, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் பிடிக்கும். 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஒரு விமானம் தாங்கியொன்றிலேயே வந்து மோதியது. துறைமுகம் இல்லாவிட்டால் இந்தக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் தண்டவாளம் போட்டிருப்பானா? நமது கரையில் அவனுக்கு அப்படியொன்றும் தேவைப்படவில்லை. பகல் முழுக்க எனக்கு இதே எரிச்சல். காரணம் வேறென்று அவளுக்குத் தெரியும்.

ஜூலை 10

திரும்பும் வழியில் கிண்ணியாவில் அவளுடைய சாச்சி வீடு. இரண்டு பேரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் திண்ணையில் இரண்டு பிளேன்டி குடித்து முடித்தேன். ரிப்போட் சரியில்லாவிட்டால் இவளுக்குச் செய்ய வேண்டிய ஆபரேசன் சாச்சிக்கு முந்தியே நடந்திருக்கிறது. எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். கோச்சி பார்க்கத்தான் வந்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

ஜூலை 15

ரிப்போட் கேட்டுப் போன் எடுத்தேன். இன்னும் வரவில்லை, திங்கட்கிழமை கேட்கட்டாம்.

"கொழும்புக்குத்தான் போகச் சொல்லுவாங்க. கோச்சியிலயே போவம், பஸ்ஸில இடுப்பு நோகும்" என்றாள், தறியை நிறுத்தாமல். நேரம் விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன். இராக் கோச்சி என்றால் விடியக் கொழும்பில் நிற்கலாம். அவள் பகல் கோச்சிதான் என்கிறாள். யானைக் காட்டை இரவில் தாண்டக் கூடாதாம்.