பனிமலையில் மூன்று நாட்கள்

கல்லூரி ஆசிரியர் ஒருவருக்குத் தூரதேசப் பிரயாணம் எளிதிற் கிட்டுவதன்று. கிட்டினாலும், பனிமலையிற் சறுக்கி விளையாடும் எண்ணம் அவருக்கு எழுவது அதனினும் அரிது. வெண்காயமும் மிளகாயும் விளையும் செம்மண்ணிற் பிறந்து வளர்ந்த எமக்குப் பனி என்றால் மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் துளி மாத்திரமே. ஆயினும் 2025 ஜனவரியில், பனிச்சறுக்குப் பயணமொன்றுக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பு எம்மிடம் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவில் உறவினர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் இன்று எம்மிடையே மிகக் குறைவு. ஆதலால் இக்கணக்கு வாசகர் சிலருக்கேனும் பயன்படும் என நம்பி எழுதுகின்றோம்.

சூரிச் நகரத்தின் புறத்தே வாழும் எமது தங்கையின் அழைப்பின் பேரிற் சுவிற்சர்லாந்து சென்றிருந்தோம். தங்கையின் கணவர் உணவகம் ஒன்றின் குசினியில் இருபத்தைந்து ஆண்டுகளாக வேலை செய்பவர். அவர்களுக்கு ஒரே மகள், வயது பன்னிரண்டு. ஒரு மாலை அவள் தன் பள்ளிக் கொப்பிகளை எம்முன் கொண்டுவந்து பரப்பினாள். ஆசிரியத் தொழிலின் வழக்கம் எம்மை எங்கே விடும்? ஒவ்வொன்றாய்ப் புரட்டினோம். ஜெர்மன் மொழி எமக்குத் தெரியாது. அவளே பொருள் சொல்லி வந்தாள். முந்திய ஆண்டில் எழுதிய கட்டுரை ஒன்று வந்ததும், அதனை மாத்திரம் சட்டென மூடிவிட்டாள். அடியில் ஆசிரியை பாராட்டி எழுதியிருந்தமை எம் கண்ணிற் பட்டது.

“நல்ல கட்டுரை போலிருக்குது. ஏன் பிள்ளை ஒளிக்கிறாய்?” என்று கேட்டோம்.

“அது பொய், மாமா” என்றாள் தலை குனிந்தபடி.

சூரிச் பகுதிப் பள்ளிகளுக்குப் பெப்ரவரி மாதத்தில் விளையாட்டு விடுமுறை என ஒன்று உண்டு. வகுப்புப் பிள்ளைகளிற் பலர் அந்நாட்களிற் பெற்றோருடன் மலைக்குச் சென்று பனியிற் சறுக்குவர். விடுமுறை முடிந்து வந்ததும் அதனைப் பற்றி எழுதும்படி ஆசிரியை பணித்திருக்கின்றார். எமது மருமகளோ, தான் ஒருநாளும் ஏறாத மலையையும், காலிற் பூட்டியறியாத சறுக்குப் பலகையையும் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள்.

“அப்பாவைக் கேட்டிருக்கலாமே?”

“கேட்கேல்லை, மாமா. கனக்கக் காசு முடியும் எண்டு தெரியும்.”

பொய் எழுதியதற்காக அவளைக் கண்டித்திருக்க வேண்டும். ஆனால் பிள்ளை வாய்திறந்து கேளாமலே விட்டாள் என்பதுதான் எம்மை அதிகம் வருத்தியது. அன்றிரவு மைத்துனர் வேலையால் வந்ததும், கட்டுரையைப் பற்றி ஒன்றும் கூறாது, மலைக்குப் போய்வருவோமா என்று மாத்திரம் கேட்டோம்.

“மச்சான், உது காசுக்காரற்றை விளையாட்டு. எங்களுக்கேன்?” என்றார் அவர்.

“எவ்வளவு முடியும் எண்டு எப்பவாவது கணக்குப் பார்த்தனீரோ?”

அவர் பார்த்ததில்லை. மறுநாட் காலையே கொப்பியும் பென்சிலுமாய் அமர்ந்தோம்.

கணக்கிற் கண்ட முதல் உண்மை இது: பனிக்கு எவரும் காசு கேட்பதில்லை. எந்த வாரத்திற் போகின்றோம், எந்த ஊரிற் படுக்கின்றோம், எவற்றை விலைகொடுத்து வாங்குகின்றோம் என்னும் மூன்றினாலுமே செலவு ஏறுகின்றது.

முதலாவது காலம். நத்தார் தொடக்கம் ஜனவரி முதல் வாரம் வரையும், பின்னர் பள்ளி விடுமுறை வரும் பெப்ரவரியிலும் அல்ப்ஸ் மலை ஊர்களில் அறை வாடகை உச்சத்தில் நிற்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஜனவரி வாரங்களிற் கூட்டமும் குறைவு, விலையும் குறைவு. ஆனால் பள்ளி இருக்கின்றதே! இதற்கும் வழி கிடைத்தது. சூரிச் மாநிலத்தில், காரணம் கூறாமல் ஆண்டுக்கு இரண்டு நாள் லீவு பெறும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு. மைத்துனரின் உணவகம் ஞாயிறும் திங்களும் பூட்டு. செவ்வாய்க்கு மாத்திரம் அவர் லீவு எடுத்தாற் போதும். தைப்பொங்கல் கழிந்து வந்த ஞாயிறு, ஜனவரி 19 எனக் குறித்தோம்.

இரண்டாவது இடம். பெயர் பெற்ற மலை ஊர்கள் செல்வரை எதிர்பார்த்து இருப்பவை. செர்மற், சென் மோறிற்ஸ் போன்ற இடங்களில் ஒருவர் ஒரு நாள் இழுவை வண்டிகளில் ஏறிச் சறுக்குவதற்கான சீட்டே அப்போது 80 பிராங்குக்கு மேல் இருந்தது. ஆகவே ஊரை விட்டு நகரத்தை நாடினோம். ஒஸ்திரியாவின் இன்ஸ்புறுக் நகரம் மலைகளாற் சூழப்பட்டது. அங்கே ஒரு பல்கலைக்கழகமும், சாதாரண மக்கள் வாழும் வீதிகளும், மலிவான பலசரக்குக் கடைகளும் உள்ளன. நகரத்துப் பஸ்ஸிலேயே மலையடிவாரத்தை அடையலாம். அங்குள்ள சிறு மலைகளிற் பெரியவருக்கான ஒருநாட் சீட்டு அப்போது 50 யூரோ அளவில் இருந்தது. பிள்ளைகளுக்கு அதனினும் குறைவு. சுவிற்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்திற் சேராவிடினும், 2008 முதல் ஷெங்கன் ஏற்பாட்டில் உள்ளமையால், எமது விசா ஒஸ்திரியாவுக்கும் செல்லுபடியாயிற்று. குசினி வசதியுள்ள சிறு வாடகை வீடொன்றை இரண்டு இரவுகளுக்குப் பேசிக்கொண்டோம்.

மூன்றாவது பொருட்கள். பலகைகள், வன்மையான சப்பாத்து, ஊன்றுகோல்கள், தலைக்கவசம் யாவும் மலையடிவாரக் கடைகளில் நாள் வாடகைக்குக் கிடைக்கும். வளரும் பிள்ளைக்கு அவற்றை வாங்குவது வீண். நீர் புகாத காற்சட்டையும் மேற்சட்டையும் சிலவற்றை அயலவரிடம் இரவல் பெற்றோம். மீதியைப் ‘புறொக்கி’ எனச் சுவிஸ் மக்கள் அழைக்கும் பழம்பொருட் கடையில் வாங்கினோம். டெனிம் காற்சட்டை உதவாது. நனைந்தால் உடம்பை விறைக்கச் செய்யும். நல்ல கையுறையும், கம்பளிக் காலுறை ஒரு சோடியும் போதும். இரண்டு சோடி அணிந்தாற் காலுக்கு வெப்பம் கூடாது; சப்பாத்துத்தான் இறுகும்.

சிக்கனம் செய்யலாகாத இடங்களும் உண்டு. தலைக்கவசம் ஒன்று. பயிற்றுநர் மற்றொன்று; அறியாதவர் தாமே பழக முயல்வது காலை முறிக்கும் வழி. காப்புறுதி மூன்றாவது. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு வைத்தியக் காப்புறுதி வேண்டும் என்பதைப் பலர் அறிவர். ஆனால் அக்காப்புறுதிப் பத்திரங்களிற் பல பனி விளையாட்டுக்களை உள்ளடக்குவதில்லை. எமது பத்திரத்தை வாசித்துப் பார்த்து, சிறு தொகை மேலதிகமாகக் கட்டி அதனைச் சேர்த்துக்கொண்டோம்.

ஞாயிறு காலை புளிச்சாதப் பொட்டலங்களுடன் புகையிரதம் ஏறினோம். முன்கூட்டியே சீட்டு எடுத்தமையாற் கட்டணம் வெகுவாய்க் குறைந்தது. ஏறக்குறைய மூன்றரை மணி நேரப் பயணம். ஏரிகளைத் தாண்டி, றைன் நதியைக் கடந்து, லிக்டென்ஸ்டைன் என்னும் சிற்றரசை ஊடறுத்து ஒஸ்திரியாவுட் புகுந்தது வண்டி. பின்னர் 1884இற் திறக்கப்பட்ட, பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நீளமான ஆள்பேர்க் சுரங்கம். அதன் மறுபுறத்தே சென் அன்ரன் என்னும் ஊர். 1901இல் அப்பகுதியிற் சறுக்குக் கழகம் தோன்றியது. ஹனஸ் ஷ்னைடர் என்னும் ஆசான் அங்கே வகுத்த பயிற்சி முறை பின்னர் உலகெங்கும் பரவியது. அவ்வூர்ச் சீட்டோ அப்போது 80 யூரோவைத் தொட்டது! நிலையத்தில் நின்ற வண்டியின் ஜன்னலால் இலவசமாய்ப் பார்த்துக்கொண்டு மேலே சென்றோம்.

இன் நதியின் மேலுள்ள பாலத்தாற் பெயர் பெற்றது இன்ஸ்புறுக். அன்று பிற்பகல் பழைய நகரில் நடந்தோம். பேரரசன் முதலாம் மக்சிமிலியன் காலத்தில், ஏறக்குறைய 1500ஆம் ஆண்டளவில், பொன் முலாம் பூசிய செப்போடுகளால் வேய்ந்த மாடக் கூரை மாலை வெயிலில் ஒளிர்ந்தது. கட்டடக் கலைஞர் ஸஹா ஹடீட் வடிவமைத்து 2007இற் திறக்கப்பட்ட மலைப் புகையிரத நிலையங்கள் உருகி உறைந்த பனிக்கட்டி போன்ற தோற்றமுடையன. பார்ப்பதற்குச் சதக் காசும் செலவில்லை.

1964இல் இந்நகரிற் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்றவேளை, வேண்டிய அளவு பனி பொழியவில்லை. இராணுவத்தினர் உயர்ந்த மலைகளிலிருந்து பனியை வெட்டிச் சுமந்து வந்து பாதைகளிற் பரப்பினர். ஆகவே காசு கட்டுமுன், சறுக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்ப்பது அவசியம். நாம் தெரிந்த பாச்சர்கோபெல் மலையின் முடி 2,200 மீற்றருக்கு மேற்பட்டது. 1976 ஒலிம்பிக்கில் ஃபிரான்ற்ஸ் கிளாமர் என்னும் ஒஸ்திரிய வீரர், சுவிஸ் வீரர் பேர்ன்ஹார்ட் றூசியை 0.33 விநாடியால் வென்ற மலை அதுவே. இதனைக் கேட்ட மருமகள், “எங்கட ஆள் தோத்திட்டாரோ?” என்று கவலைப்பட்டாள்.

திங்கட் காலை வானம் தெளிந்திருந்தது. மருமகளும் நாமும் பழகுநருக்கான சிறு சரிவில், பயிற்றுநரிடம் சேர்ந்தோம். பலகைகளின் முன்நுனிகளை அண்மிக்கச் செய்து, பின்புறத்தை அகட்டி, ஆப்பு வடிவில் வைத்தால் வேகம் தணியும். இதுவே முதற் பாடம். நிற்கப் பழகிய பின்னரே செல்லப் பழக்கினார். நீல அடையாளம் எளிய பாதை, சிவப்பு நடுத்தரம், கறுப்புக் கடினம். மேலிருந்து வருபவரே கீழே செல்பவருக்கு இடையூறின்றித் தம் வழியைத் தெரியவேண்டும் என்பது சர்வதேச விதி. நாற்பது கடந்த எம் முழங்கால்கள் இவ்விதிகளை மூளையிலும் தாமதமாகவே கற்றன. மருமகளோ நண்பகலுக்குள் விழாமல் இறங்கினாள்.

மைத்துனர் மாத்திரம் பலகை வாடகைக்கு எடுக்கவில்லை. “நான் நிண்டு பார்க்கிறன்” என்று, தங்கையுடன் சுடுநீர்ப் போத்தலையும் அணைத்தபடி ஓரத்தில் நின்றார். தம் பங்கை மிச்சம் பிடிக்கின்றார் என்பது எமக்கு விளங்கியது. மகளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். அன்றிரவு உருளைக்கிழங்குக் கறியும் றொட்டியும் உண்ணும்போது, “அப்பா, நாளைக்கு நீங்களும் வாங்கோ. நான் பழக்கிறன்” என்றாள். அவர் மறுக்கவில்லை.

செவ்வாயன்று அரைநாட் சீட்டு எடுத்தோம். ஐம்பதை எட்டும் தகப்பனுக்கு முன்னே, பின்புறமாய் நகர்ந்து நகர்ந்து மகள் பாடம் நடத்தினாள். “முழங்காலை மடியுங்கோ. கீழே பாராதேங்கோ, என்னைப் பாருங்கோ.” அவர் விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். கடைசி முறை சரிவின் அடிவரை வந்து, எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் எம்மீது மோதி இருவரும் பனியில் உருண்டோம். எழுந்திருக்க மனமின்றி அப்படியே கிடந்து சிரித்தார். பின்பு மெதுவாக, “இருபத்தைஞ்சு வருசமாய் இந்த மலையளைத் தூர நிண்டுதான் பார்த்தனான், மச்சான்” என்றார். எமக்கு மறுமொழி சொல்லத் தோன்றவில்லை.

அன்று மாலை வண்டியிலே கணக்கைக் கூட்டினோம். இழுவை வண்டிச் சீட்டும் பயிற்றுநர் கூலியுமே பெரிய செலவுகள். அறையும் உணவும் அவற்றின் பின்னேதான் வந்தன. முழுத் தொகையும், மைத்துனர் மனத்தில் எண்ணியிருந்ததன் அரைவாசிக்குச் சற்றே கூட. மலிவென்று சொல்லமாட்டோம், உழைப்பவர் ஒருவர் சில மாதம் சேமித்தால் எட்டக்கூடியது என்போம். இலண்டன் முதலிய நகரங்களில் வாழ்வோர் பல்கேரியாவின் பான்ஸ்கோ போன்ற ஊர்களையும் இவ்வாறே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஊர் மாறினாலும், காலம், இடம், பொருள் என்ற மூன்று தலைப்புக்களும் மாறா.

நாம் ஊர் திரும்பிப் பாடசாலையில் மூழ்கியிருந்தோம். மார்ச் மாதத்தில் ஒருநாள் மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். இவ்வாண்டும் விடுமுறைக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். அப்பா பதினொரு முறை விழுந்ததை எழுதினாளாம்.

“இந்தமுறை புள்ளி கொஞ்சம் குறைவு, மாமா” என்றாள். குரலில் வருத்தம் ஏதுமில்லை. “ஆனால் எல்லாம் உண்மை.”