வெறுமையாக இருந்த எட்டு வரி

தாளில் பத்து வரி இருந்தது. பெயர், விலாசம், தொகை என்று மூன்று கட்டம். மச்சாள் அதை ஏப்ரலிலேயே தபாலில் அனுப்பியிருந்தா. ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை இரவு, மொன்றியாலுக்குப் புறப்பட உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தபோது அதில் நிரம்பியிருந்தது இரண்டே வரி. ஒன்று என் மனைவி. மற்றது எங்கள் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கும் தம்பி. அவர் பாவம், வீட்டுக்காரன் கேட்டால் என்ன செய்வார்?

மச்சாள் என் மாமாவின் மகள். மிதிவெடியிலும் ஷெல்லிலும் கால் இழந்த வன்னிச் சனத்துக்குச் செயற்கைக் கால் பொருத்துவதற்காக, ஒரு சின்னக் குழுவோடு வருடா வருடம் மொன்றியாலில் நடைபவனி நடத்துகிறா. முன்பு இராப்போசன விருந்துதான் வைத்தவ. மண்டப வாடகை, பாட்டுக்காரர், கொத்துரொட்டி என்று பாதிக் காசு போய்விடும். அதுக்கு மேல், விருந்துக்கு டிக்கெட் விற்றால் சாப்பாட்டின் பெறுமதியைக் கழித்துத்தான் வரிப் பற்றுச்சீட்டு எழுதலாம் என்பது கனடாவின் சட்டம். 'எங்கட சனம் சாப்பிட்ட கொத்துரொட்டிக்கும் றிசீற் கேக்குது' என்று சொல்லிவிட்டு மச்சாள் நடைக்கு மாறினா. நடக்க மண்டபம் தேவையில்லை.

இந்தப் பயணத்துக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம். மகனுக்கு பூட்டீன் சாப்பிட வேண்டும். மனைவிக்கு அங்கேயுள்ள முருகன் கோவில். மகளுக்கு ஹோம்வேர்க் இல்லாத இரண்டு நாள். நான் மட்டும் கணக்குக் காட்டப் போகிறவன் மாதிரி வயிற்றில் ஒரு கனத்தோடு காரை எடுத்தேன்.

ஸ்காபரோவிலிருந்து மொன்றியாலுக்கு ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். 401 நெடுஞ்சாலையில் ஏறினால் பிறகு யோசிக்க எதுவுமில்லை, றோட்டே கொண்டுபோய்விடும். கோல்போர்னில் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும் அந்த இராட்சத ஆப்பிளைப் பிள்ளைகள் இந்த முறை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கிங்ஸ்ரன் தாண்டியதும் மகள் என் தாளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, இதென்ன எட்டு வரி வெறுமையா இருக்கு?"

"நேரம் கிடைக்கேல்லை."

"ஏப்ரலிலயிருந்தா?"

இவளுடைய பள்ளிக்கூடத்தில் செப்டம்பர் தோறும் ரெறி ஃபொக்ஸ் ஓட்டம் நடக்கும். ஆறாம் வகுப்பில் இவள் கொண்டுபோன தாளில் முன்பக்கம் நிறைந்து பின்பக்கத்திலும் பெயர் இருந்தது. தெருவில் ஒரு கதவு விடாமல் தட்டினாள், நாய் குரைக்கிற வீடு உட்பட. 'உனக்கு வெக்கமா இல்லையா?' என்று அப்போது கேட்டேன். 'எனக்காகவா கேக்கிறன்?' என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுப்பதில்லை.

புற்றுநோயில் வலது காலை முழங்காலுக்கு மேல் இழந்தவன் ரெறி ஃபொக்ஸ். 1980 ஏப்ரலில் நியூஃபவுண்ட்லாந்தில் தொடங்கி, செயற்கைக் காலோடு நாளுக்கு ஒரு மரதன் தூரம் ஓடினான். 143 நாள், 5,373 கிலோமீற்றர். தண்டர் பே அருகே நோய் நுரையீரலுக்கு வந்து மறித்தது. அடுத்த வருடம் ஜூனில் 22 வயதில் இறந்தான். அவன் ஓடியது கேட்பதற்காக. கனேடியர் ஆளுக்கு ஒரு டொலர் தாருங்கள் என்றுதான் கேட்டான். நாட்டின் சனத்தொகை அப்போது 24 மில்லியன். அவன் கண் மூடுமுன்பே அந்த 24 மில்லியன் சேர்ந்துவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரிந்த இந்தக் கதையில் அவர்களுக்குத் தெரியாத ஒரு பகுதியும் உண்டு. கியூபெக்கில் அவனைப் பெரும்பாலும் யாரும் கவனிக்கவில்லை. அவனுக்கு பிரெஞ்சு வராது. வாகனங்கள் அவனை றோட்டோரத்துக்குத் தள்ளின. ஜூன் 22 மொன்றியாலை அடைந்தபோது பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்திருந்தது. சேர்ந்திருந்தது இரண்டு இலட்சம் டொலருக்குச் சற்று மேல். அங்கேதான் ஃபோர் சீசன்ஸ் ஹோட்டல் உரிமையாளர் இசடோர் ஷார்ப் அவனுக்குத் தங்க இடம் கொடுத்தார். மைலுக்கு இரண்டு டொலர் தருவதாகச் சொல்லி, மற்றக் கம்பனிக்காரரையும் தரச்சொல்லிக் கேட்டார். புற்றுநோயில் மகனைப் பறிகொடுத்தவர் அவர்.

416 பிரிகிற இடத்தில் ஒட்டாவா என்று பலகை வந்தது. மிதிவெடியைத் தடை செய்யும் ஒப்பந்தத்தில் நாடுகள் கையெழுத்திட்டது அந்த நகரத்தில்தான், 1997 டிசம்பரில். இலங்கை அதில் சேர இன்னும் இருபது வருடம் எடுத்தது. பலகை பின்னால் போனது. மகன் நித்திரை.

மாகாண எல்லை தாண்டினால் முன்னால் போகும் கார்களின் இலக்கத் தகடுகள் எல்லாம் பிரெஞ்சில் 'எனக்கு ஞாபகம் இருக்கிறது' என்று சொல்லத் தொடங்கும். எது ஞாபகம் என்று தகட்டில் இல்லை. ஒவ்வொரு முறையும் அதை வாசிக்கும்போது யாரோ பழைய கடனைக் கேட்பதுபோலவே எனக்குப் படும்.

பார்க் எக்ஸ்ரென்ஷனில் மச்சாளின் வீடு, வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு வைத்த மூன்றாம் மாடி. இரவு பத்துப் பேர் நிலத்தில் பாய் விரித்துப் படுத்தோம். ஹோட்டல் என்ற சொல்லை என் மகன் ஒருமுறை எடுத்தான். மச்சாள் பார்த்த பார்வையில் திருப்பி வைத்துவிட்டான்.

எண்பதுகளின் கடைசியில் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கியவ மச்சாள். முதல் குளிருக்கு ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில் பழைய கோட்டுகள் கொடுத்தார்கள். ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்று, தெரியாத பாஷையில் கையைக் காட்டி, தனக்குப் பின்னால் வெட்கப்பட்டு நின்ற பெண்ணுக்கும் ஒன்று கேட்டு வாங்கினா. அந்தக் கை இன்னும் நீட்டினபடிதான் இருக்கிறது. நானும் அப்படியொரு வரிசையில் கோட்டு வாங்கியவன்தான். வாங்கியதும் வேகமாக வெளியே வந்துவிட்டேன்.

காலையில், மற்றவர்கள் எழும்ப முன், குசினி மேசையில் தாளையும் என்வலப்பையும் வைத்தேன். பத்து வரியும் நிரம்பியிருந்தது. இரவு பாத்றூமுக்குள் இருந்து எழுதியது. காசு முழுக்க என்னுடையது, பெயர்கள்தான் இரவல். மச்சாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தா. ஐந்தாவது வரியில் விரல் நின்றது.

"தம்பி, இந்தச் சின்னாச்சி ஆர்?"

நான் தேத்தண்ணியைப் பார்த்தேன்.

"எங்கட ஆச்சியோ? இருபது டொலர் தந்திருக்கிறா. உயிரோட இருந்திருந்தா அஞ்சுக்கு மேல தரமாட்டா." பிறகு கண்ணாடியைக் கழற்றினா. "சரி, றிசீற்றுக்குப் பேரும் விலாசமும் கட்டாயம். மனுசிக்கு எந்த விலாசத்துக்கு அனுப்ப?"

ஆச்சி ஒவ்வொரு நாளும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து மூலைப் பானையில் போடுவா. பிடியரிசி. பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு. மாதம் ஒருமுறை சாக்கோடு இரண்டு பேர் வருவார்கள். அவர்கள் படலையில் நின்று கூப்பிடும்போது குரலில் கூச்சம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை, ஆச்சியின் முகத்தில் பெருமையும் இருந்ததில்லை. அந்தக் குரலை நான் எந்த விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேனோ.

மச்சாள் சிவப்புப் பேனையால் எட்டு வரியையும் வெட்டினா. காசை என் பெயரில் ஒரே தொகையாக எழுதினா. புதுத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினா. "இன்னும் ரெண்டு கிழமை ஏற்பம். நீர் எத்தினை பேரைக் கேட்டனீர்? உண்மையைச் சொல்லும்."

"ரெண்டு."

"அப்ப கேட்ட எல்லாரும் தந்திருக்கினம்."

நடைபவனி மவுன்ற் றோயலில். உயரம் 233 மீற்றர். மொன்றியால்காரர் அதை மலை என்பார்கள். கீரிமலையில் மலை தேடினவர்கள் நாங்கள், எங்களுக்கும் அது மலைதான். நியூ யோர்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஒல்ம்ஸ்ரட் போட்ட பாதை, குதிரை வண்டியும் ஏறட்டும் என்று சுற்றிச் சுற்றிச் சாய்வாகப் போகும். எங்களோடு வந்தவர்களில் ஒரு அண்ணைக்கு ஒரு கால் ஜெய்ப்பூர் கால். யாழ்ப்பாணத்தில் அதைச் செய்யும் நிலையம் 1987இல் தொடங்கியது. அங்கே பொருத்தியதை இங்கே வந்து மாற்றச் சொன்னார்களாம், அவர் மாட்டேன் என்றாராம். 1968இல் ராஜஸ்தானில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் செய்த வடிவம் அது. மேற்கத்தைய காலைப் போட்டால் சப்பாத்தும் போட வேண்டும், சம்மணமிட்டு இருக்க முடியாது. இந்த ரப்பர்ப் பாதத்தோடு வெறுங்காலில் வயலில் இறங்கலாம், கோவில் வீதி சுற்றலாம், குந்தலாம். "வளருற பிள்ளையளுக்குத்தான் கஷ்டம்" என்றார் அண்ணை. "எலும்பு வளரும், கால் வளராது. வருசத்துக்கு வருசம் புதுசு வேணும்." அதனால்தான் மச்சாளின் தாளும் வருடா வருடம் வருகிறது. இத்தனை வருடத்தில் நான் அதை யோசித்துப் பார்த்ததில்லை.

மேலே மேடையிலிருந்து நகரமும் ஆறும் தெரிந்தன. மகன் கீழே பூட்டீன் கடை எங்கே என்று தேடினான். முருகன் கோவிலில் பூசை முடிந்துவிட்டிருந்தது. மனைவி அந்தக் குறையை ஒஷாவா வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தா.

திங்கட்கிழமை, வேலையிடத்தில் கோப்பி மெஷினுக்கு முன்னால் எனக்கு முன் நின்றது பொதி கட்டும் பகுதியின் போலந்துக்காரி. ஒன்பது வருடமாக 'குட் மோர்னிங்' மட்டும் சொல்லிக்கொண்ட பழக்கம். தாளை நீட்டினேன். காலைப் பற்றிச் சொன்னேன், நடையைப் பற்றிச் சொன்னேன். என்றைக்கு நடக்கிறீர்கள் என்று கேட்டா. நடந்து முடிந்துவிட்டது என்றேன். முடிந்த நடைக்கு எதற்குக் காசு என்று சிரித்தா. பதில் ஒன்றும் வரவில்லை. நின்றேன். பத்து டொலரை எடுத்து மெஷினின் மேல் வைத்துவிட்டுப் பேனையை வாங்கினா. அவவுடைய குடும்பப் பெயர் கட்டத்தைத் தாண்டி, விலாசத்துக்குள் ஏறி, தொகை எழுத இடமில்லாமல் முடிந்தது.